மலையிலிருந்து என்ன இறங்குகிறது? கொல்லியும் கல்வராயனும்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு அதுதான் தலைமையிடம். இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இரண்டிலும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர்). சாமை, கேழ்வரகு, மரவள்ளி, பலா, புளி என விளைவதும் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளாற்றுக்குத் தண்ணீர் தருவதிலும் இவை பங்காளிகள். கொல்லிமலையிலிருந்து வரும் சுவேத நதியும், கல்வராயன் மலைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஆத்தூர் வழியாக வரும் வசிட்ட நதியும் கூடித்தான் வெள்ளாறு ஆகிறது. கோமுகியும் மணிமுக்தாவும் கீழே போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

கொல்லியை ஆண்ட ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் திருக்கோவிலூர் மலையமான் காரி என்கின்றன சங்கப் பாடல்கள். திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பழம்பகையை இங்கே இழுக்க வேண்டியதில்லைதான். ஆனால் மலையின் தலைவிதியை அடிவாரத்தில் இருப்பவர்கள் தீர்மானிக்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இந்த இரண்டு மலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மலையிலிருந்து என்ன இறங்குகிறது? தண்ணீர், மண், விளைச்சல், மனிதர்கள் ஆகிய நான்கும் இறங்குகின்றன. இவற்றைத் தனித்தனி இலாகாக்கள் தனித்தனிக் கோப்புகளில் எண்ணுகின்றன. ஒன்றின் இறக்கம் இன்னொன்றை எப்படி மாற்றுகிறது என்ற கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. முறைமைப் பகுப்பாய்வு என்று படித்தவர்கள் சொல்வது இந்த விடுபட்ட கணக்கைத்தான். பனிப்போர்க் காலத்தில், 1972இல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உட்பட 12 நாடுகள் சேர்ந்து இதற்கென்றே ஆஸ்திரியாவின் லக்சன்பர்க்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தொடங்கின. கையிருப்பு எவ்வளவு, வரத்தும் செலவும் எவ்வளவு, காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே எவ்வளவு தாமதம், எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பவைதான் அவர்களுடைய அடிப்படைக் கேள்விகள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நம் ஊர் நீர்க்கட்டிக்கும் இந்தக் கேள்விகள் புதியவை அல்ல.

முதலில் விளைச்சல். சாலை இல்லாத மலையிலிருந்து எது இறங்கும்? தலைச்சுமைக்குக் கட்டுபடியாகிற பொருள் மட்டும்தான் இறங்கும். ஒரு ஆள் சுமப்பது 25, 30 கிலோ. கீழே போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும். அந்த நாளின் கூலிக்கு மேல் அந்தச் சுமை விலை போக வேண்டும். அதனால் உலர்ந்து எடை குறைந்த, கெடாத, கிலோவுக்கு நல்ல விலையுள்ள பொருள்களே மலையின் பழைய வணிகமாக இருந்தன. கொல்லியில் மிளகும் தேனும் அப்படிப்பட்டவை. கல்வராயனில் கடுக்காயும் புளியும் அப்படிப்பட்டவை, ஒரு காலத்தில் சந்தனக்கட்டையும். சாமையும் கேழ்வரகும் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மிஞ்சியது பண்டமாற்றுக்கு.

மரவள்ளி இந்தக் கணக்கில் எங்குமே வராத பயிர். கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். தோண்டிய ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். கிலோ சில ரூபாய்தான் போகும். லாரி வந்து நிற்கும் மலையில் மட்டுமே அதைப் பயிரிட முடியும். ஆக, மலையில் மரவள்ளி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டே சாலை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பயிர் இங்கே வணிகமானதே தொலைதூரத்து யுத்தம் ஒன்றால். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், கேரளத்து மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். அது வளர்ந்து, 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வரும் அளவுக்குச் சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்தின் முதன்மைத் தொழிலானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைகளின் பசிக்குச் சமவெளிக் கிழங்கு போதவில்லை. சாலை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஆலைகளின் கை நீண்டது. கிழங்கில் மாவு எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்து ஆலைக்காரர் விலை போடுவார். மலை விவசாயிக்கு அந்தப் பாயிண்ட் கணக்கு கீழே போன பிறகே தெரியும். தோண்டிய கிழங்கை மறுபடியும் மலையேற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

கொல்லிமலையில் இது முன்பே நடந்து முடிந்த கதை. சாலை வந்தது, 1970களுக்குப் பிறகு மரவள்ளி பெருகியது, சிறுதானிய நிலம் சுருங்கியது. இதற்குப் பணத்தாசையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. அதே சாலையில் ரேஷன் அரிசியும் ஏறியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்தது. 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. உலக்கையும் திருகையும் வைத்துச் சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்திருந்தது. ஒரு பக்கம் இலவச அரிசி, இன்னொரு பக்கம் அரை நாள் இடிக்க வேண்டிய தானியம். எந்த வீட்டுப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று கேட்கவே தேவையில்லை. அரிசி ஏறியதும் சாமை வயல் விடுதலையானது. விடுதலையான வயலில் மரவள்ளி ஏறியது. மரவள்ளிப் பணத்தில் சாலைக்கும் லாரிக்குமான தேவை மேலும் வளர்ந்தது. ஒன்றை ஒன்று ஊதிப் பெருக்கும் இந்தச் சுழலை யாரும் திட்டமிடவில்லை. சாலை போட்டவர் சாலை போட்டார், அரிசி கொடுத்தவர் அரிசி கொடுத்தார், ஆலை வைத்தவர் ஆலை வைத்தார். தனித்தனியே பார்த்தால் மூவர் செய்ததும் நல்ல காரியம்தான்.

கல்வராயனில் இந்தச் சுழல் பிந்தித் தொடங்கியது. காரணம் பூகோளம் அல்ல, நில வரலாறு. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஜாகீர்தார்களே வரி வாங்கினார்கள். 1976 ஜூன் 25இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் நெருக்கடி நிலையின் முதலாண்டு நிறைவாக நினைக்கப்படும் அந்த நாளை இந்த மலைக்காரர்கள் தங்கள் விடுதலை நாளாகச் சொல்கிறார்கள் என்பது நம் வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. ஆனால் ஜாகீர் போனபின் நிலம் உழுதவர் கைக்கு நேராக வந்துவிடவில்லை. பட்டா இல்லாத சாகுபடி, ஒதுக்குக்காடு என்று வனத்துறை சொல்லும் நிலத்தில் தலைமுறைகளாக நடக்கும் விவசாயம் என்று வழக்கு நீண்டது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இதைத் தீர்க்க வந்தது. தமிழ்நாட்டில் அது உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவில் சிக்கி 2016 வரை நகரவே இல்லை.

பட்டா இல்லாதவன் மரம் வைக்க மாட்டான். இந்த ஒப்பீட்டில் என் கண்ணுக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இதுதான். கொல்லியின் 14 ஊராட்சிகளில், வாழவந்திநாடு, அரியூர்நாடு, வளப்பூர்நாடு என்று பெயரிலேயே பழைய நாட்டமைப்பைச் சுமக்கும் ஊர்களில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, அடியில் காபி வைத்திருப்பதைப் பார்க்கலாம். 1,000 மீட்டருக்கு மேலான உயரம் அதற்கு ஒத்துழைக்கிறது என்பது உண்மை. ஆனால் மிளகுக்கொடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம் தன்னிடம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். பெரிய கல்வராயனும் 4,000 அடியைத் தொடும் மலைதான். அங்கே நிச்சயமில்லாத நிலத்தில் பத்து மாதத்தில் பணமாகும் கிழங்கு வைப்பதுதான் அறிவுள்ள முடிவு. மலைவாசிக்குத் தொலைநோக்கு இல்லை என்று கூட்டங்களில் பேசும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அவன் நோக்கின் தூரத்தை அளந்து கொடுத்தது பட்டா.

இனி மண்ணுக்கும் தண்ணீருக்கும் வருவோம். மரவள்ளியை அகல இடைவெளி விட்டு நடுகிறார்கள். முதல் சில மாதங்கள் தரை திறந்தே கிடக்கும். அறுவடை என்பது நிலத்தைப் பிளந்து கிழங்கைப் பிடுங்குவது. சரிவில் இந்த இரண்டும் சேர்ந்தால் மழை செய்ய வேண்டியது மிச்சம் ஒன்றும் இல்லை. நெருக்கமாக விதைத்த சாமையின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இந்தப் பயிர் பிடிப்பதில்லை.

அந்த மண் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று கோமுகி அணை. கல்வராயன் மலையின் பொட்டியம், மல்லிகைப்பாடி, கல்படை, பரங்கிநத்தம் ஓடைகள் கொண்டுவரும் தண்ணீரைத் தேக்க 1960களின் நடுவில் கச்சிராயபாளையம் அருகே கட்டப்பட்டது. உயரம் 46 அடி. கொள்ளளவு சுமார் 560 மில்லியன் கன அடி. பழைய பாசனம் 5,860 ஏக்கர், புதிய பாசனம் 5,000 ஏக்கர், மொத்தம் 10,860 ஏக்கர். இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அணை முழுத் தண்ணீரையும் அந்த 10,860 ஏக்கரிலும் ஒரே சமயத்தில் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? ஏறத்தாழ 1.2 அடி. ஒரு போக நெல்லுக்குச் சுமார் 4 அடித் தண்ணீர் வேண்டும். கரும்புக்கு அதைவிட அதிகம்; கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே இருக்கிறது என்பதால் கரும்பைத் தள்ளிவிட முடியாது. மழையைக் கழித்தாலும், வாய்க்காலில் கசிவதை விட்டுவிட்டாலும், ஒருமுறை நிரம்பிய அணை ஒரு போகத்துக்குக் கூடப் போதாது.

பிறகு எப்படி 60 ஆண்டுகளாகப் பாசனம் நடக்கிறது? அணை திரும்பத் திரும்ப நிரம்புவதால். மழை நின்று வாரக்கணக்கான பின்னும் ஓடைகளில் கசிந்துகொண்டே இருக்கும் தண்ணீரால். அதாவது கோமுகியின் பெரிய அணை கச்சிராயபாளையத்தில் இல்லை. மேலே, காட்டு மண்ணுக்குள் இருக்கிறது. கீழே இருக்கும் 46 அடிக் கரை அதற்கு மதகு போல. மேல் அணையின் மண் அரிக்கப்படும்போது இரண்டு இழப்புகள் ஒன்றாக வருகின்றன. மேலே தேங்கும் திறன் குறைகிறது, கீழே தேங்கும் இடமும் வண்டலால் குறைகிறது. மழைத் தண்ணீர் தாமதமில்லாமல் ஒரே மூச்சில் வந்து, பாதுகாப்புக்காக மதகைத் திறந்து ஆற்றில் விடப்பட்டு, தை மாதம் ஓடை வறண்டுவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் வருவதைக் காலநிலை மாற்றம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

தூர்ந்த நீர்நிலைகளில் வண்டல் எடுத்து வயலில் போட்டுக்கொள்ளச் சமவெளி விவசாயிக்கு அரசு இலவச அனுமதி தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த வண்டல் வேறொருவருடைய மேல்மண் என்று அனுமதிச் சீட்டில் எங்கும் எழுதியிருக்காது.

கொல்லியில் தண்ணீர்க் கணக்கு வேறு மாதிரி. அங்கே அடிவாரத்தில் கோமுகி போல ஒற்றை அணை நின்று மலையின் நடத்தையைப் பதிவு செய்துகொண்டிருக்கவில்லை. ஐயாறு ஆகாயகங்கையில் விழுந்து புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. இறங்கும் விசையையே மின்சாரமாக்க 20 மெகாவாட் நீர்மின் திட்டம் வந்தது. ஒரு மலையில் தண்ணீர் விழுந்த பிறகு பயன்படுகிறது. இன்னொன்றில் விழும்போதே பயன்படுத்தப் பார்க்கிறார்கள். மேலே மண் அரித்தால் நீர்மின் திட்டத்தின் சிறு தடுப்பணைகளும் தூரும். எந்தச் சாகுபடிக்கு மேலே ஊக்கம் தருகிறோம் என்பதும் மின்வாரியத்தின் பிரச்சினைதான் என்று சொன்னால் மின்வாரியம் சிரிக்கும்.

எல்லைக்கோடு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஜப்பானிய நிதியுதவியோடு 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வனத்துறையுடையது. கிராம வனக் குழுக்கள், மரக்கன்றுகள், தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள் என்று அது மேலிருந்து வேலை பார்த்தது. உலக வங்கிக் கடனில் 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் கீழிருந்து வந்தது. மாநிலத்தை உபவடிநிலங்களாகப் பிரித்து, 63 உபவடிநிலங்களில் பொதுப்பணி, வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், வேளாண் விற்பனை, கால்நடை, மீன்வளம் ஆகிய துறைகளையும் வேளாண் பல்கலைக்கழகத்தையும் ஒரே வண்டியில் பூட்டிய முதல் பெரிய முயற்சி அது. நம் நிர்வாகத்தில் அவ்வளவு துறைகளை ஒரே மேசையில் உட்கார வைத்ததே பெரிய காரியம். அதற்கான பாராட்டைக் குறைக்க மாட்டேன். ஆனால் ஆறு பிறக்கும் காட்டை வைத்திருக்கும் வனத்துறை அந்த மேசையில் இல்லை. ஒரு திட்டம் காட்டின் எல்லையில் நின்றது. இன்னொன்று ஆயக்கட்டின் எல்லையில் தொடங்கியது. நடுவில் இருந்த மரவள்ளிச் சரிவு, இந்த முழுக் கதையின் இதயமான அந்த நிலம், இரண்டு வரைபடத்திலும் ஓரத்தில் கிடந்தது.

கொல்லிக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சுமார் 280 சதுர கிலோமீட்டர் மலை பெரும்பாலும் ஒரே மாவட்டம், ஒரே ஒன்றியம், ஒரே வட்டம். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான தமிழகத்தின் இரண்டே தனித்தொகுதிகளில் ஒன்றான சேந்தமங்கலம் கொல்லியை உள்ளடக்கியது. மலைக்காரர் ஓட்டு அங்கே எடை போடப்படும். கல்வராயனோ பிளந்து கிடக்கிறது. வெள்ளிமலைப் பக்கத்து 15 ஊராட்சிகள் கள்ளக்குறிச்சி மாவட்டம், பொதுத்தொகுதியான சங்கராபுரம். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், ஏற்காடு தனித்தொகுதி. 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதனால் ஆட்சியர் அலுவலகம் மலைக்கு மிக அருகில் வந்தது. அது உண்மையான லாபம். மலையின் நடுவே ஓடும் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. சேலம் பக்கத்தில் கரியகோவில் அணை, ஆனைமடுவு அணை என்று தனிக் கணக்கு. கைக்கான்வளவு ஓடைத் தண்ணீரைக் கரியகோவில் அணைக்குத் திருப்பும் திட்டம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், ஒரே மலையில் ஒரு பக்கத்துக்குச் சேர்த்தது இன்னொரு பக்கத்தில் கழித்ததுதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. முழு மலைக்கும் பொறுப்பான ஒரே அலுவலகம் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையாவது யாருக்காவது இருக்கும்.

சாலை, அரிசி, மரவள்ளி என்ற அந்தச் சுழலைக் கொல்லி உடைத்ததா? முழுவதும் இல்லை. ஆனால் எங்கே தட்ட வேண்டும் என்பது அங்கே கற்றுக்கொள்ளப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களோடு வேலை பார்த்தது. நல்ல விதை, வரிசை விதைப்பு எல்லாம் முயன்றார்கள். விளைச்சல் கூடினாலும் இடிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி நின்றது. ஊர்களிலேயே சிறு அரவை இயந்திரங்களை நிறுவி, பெண்கள் குழுக்களின் பொறுப்பில் விட்டபோதுதான் சாமைக்கும் தினைக்கும் வீட்டுக்குள் மறுபடி இடம் கிடைத்தது. பிறகு அரைத்துப் பொட்டலமிட்டு நகரத்துக்கு விற்கவும் முடிந்தது. மறுபடியும் அந்தப் பழைய எடைக் கணக்குதான்: உமி நீக்கிய சாமை அரிசி ஒரு மூட்டை இறங்குவதும், ஈரக் கிழங்கு ஒரு மூட்டை இறங்குவதும் விலையில் ஒன்றல்ல. மரவள்ளிப் பரப்பு அதற்காகப் பழையபடி சாமைக்குத் திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒற்றைப் பயிரின் ஆபத்தை அண்மையில் மாவுப்பூச்சி காட்டியது. 2020இல் கேரளத்தில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களுக்கும் பரவியது. ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து அனாகிரஸ் லோபசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை இறக்குமதி செய்து 2022இல் வயலில் விட்டார்கள். இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவை உலுக்கியபோது இதே குளவியைத் தென்னமெரிக்காவில் கண்டெடுத்துப் பரப்பிய திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். நல்ல அறிவியல்தான். ஆனாலும் ஒரு மலைக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் பெனினிலிருந்து வரும் ஒரு குளவியைச் சார்ந்திருக்கும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்பது தனியே யோசிக்கத் தக்கது.

கல்வராயனில் சாலை தாமதமானதன் விலை வேறொரு விதத்தில் கொடுக்கப்பட்டது. எடைக்கு விலை கட்டுபடியாகும் பொருள் மட்டுமே இறங்கும் என்றேன். சந்தனம் தீர்ந்தபின் அந்தக் கணக்கில் தேறியவை இரண்டு. ஒன்று, லாரி ட்யூபில் தோளில் சுமந்து இறக்கும் சாராயம். இன்னொன்று, தானே நடந்து இறங்கும் கூலியாள். கோடரி பிடிக்கத் தெரிந்த கை என்பதால் செம்மரக் கடத்தல்காரர்களின் வலையில் விழுந்து ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களில் கல்வராயன் மலைக்காரர்கள் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் இதே வலைக்குள் போன தமிழ்நாட்டு ஏழைகள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். உடனே போலீஸ் படை மலையேறி ஊறல்களை அழித்தது. உயிரைக் குடித்தது மெத்தனால். அது வெல்லத்திலும் பட்டையிலும் ஊறுவதல்ல, தொழிற்சாலைச் சரக்கு, சமவெளிச் சாலைகளில் வந்தது. எல்லைக்கோட்டைத் தவறான இடத்தில் போட்டால் தேடுவதும் தவறான இடத்தில்தான் நடக்கும். அதே சம்பவத்தின் தொடர்ச்சியாக, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் அரசின் வாக்குமூலங்களில் இடம்பெறத் தொடங்கின. 60 உயிர் போன பிறகு வந்த கவனம் அது.

ஆக, கல்வராயனுக்கு இப்போது சாலைகள் வரும். வரவும் வேண்டும். பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் ஊரில் நின்று மண்ணரிப்பு பற்றிப் பாடம் எடுப்பதைவிடக் கேவலம் வேறில்லை. வனச் சட்டம் தடுக்கிறது என்ற பழைய சாக்கும் முழு உண்மையல்ல. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, ரேஷன் கடை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதில் நம் மாவட்ட நிர்வாகங்களுக்கு இருக்கும் தயக்கம் புரியாத ஒன்று. அதே கிராம சபையை நிலப்பட்டாவுக்கும் பயன்படுத்தினால், சாலைக்கு முன்னால் பட்டா போய்ச் சேரும். வரிசை முக்கியம். பட்டாவுக்குப் பிறகு சாலை வந்தால் மிளகும் பலாவும் புளியும் ஏறுவதற்கு வாய்ப்பு உண்டு. பட்டாவுக்கு முன்னால் வந்தால் மரவள்ளிதான்.

டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர், 1972இல் வெளியான ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர், ஒரு முறைமையில் தலையிட 12 இடங்கள் உண்டு என்று வரிசைப்படுத்தினார். மானியத்தையும் வரியையும் கூட்டிக் குறைப்பது அந்த வரிசையில் கடைசி, பலன் மிகக் குறைவு என்றார். தகவல் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை மாற்றுவது அதைவிட வலுவானது. ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரே மாதிரி கட்டிய வீடுகளில், மின்மீட்டர் நிலவறையில் இருந்த வீடுகளைவிட முன்கூடத்தில் இருந்த வீடுகளில் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அவர் எடுத்துக்காட்டினார். கோமுகியின் மீட்டர் நிலவறையில் இருக்கிறது. நீர்மட்டம் அன்றாடம் செய்தித்தாளில் வருகிறது; வண்டல் மட்டம் வருவதில்லை. மேலே எந்த ஓடை எவ்வளவு மண் கொண்டுவந்தது என்பதை ஆண்டுக்கொரு முறை அளந்து, வெள்ளிமலை கிராம சபையிலும் கச்சிராயபாளையம் பாசனச் சங்கத்திலும் ஒரே நாளில் வாசித்தால் என்ன ஆகும்? அநேகமாக முதலில் சண்டை வரும். மலைக்காரர், சாமை வைக்கிறோம், விலை கொடுங்கள் என்பார். ஆயக்கட்டுக்காரர், எங்கள் தண்ணீருக்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பார். அந்தச் சண்டை நடக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நடக்காததுதான் குறை.

சாமைக்கு விலை கொடுப்பது பெரிய செலவுமல்ல. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதாவது அரசு நினைத்தால் சிறுதானியம் வாங்கும், கொடுக்கும். கள்ளக்குறிச்சிச் சமவெளியின் சத்துணவுக் கூடங்களில் வாரம் ஒருநாள் சாமைச் சோறு என்று முடிவெடுத்தால், அதற்கான தானியம் விளையும் மலை அதே மாவட்டத்தில் இருக்கிறது. அரவை இயந்திரம் வெள்ளிமலையில் நிற்க வேண்டும், கச்சிராயபாளையத்தில் அல்ல. உமி மலையிலேயே தங்கி மாட்டுக்கும் மண்ணுக்கும் போகட்டும். வண்டிக்குத் தனிச் செலவு தேவைப்படாது. நியாய விலைக் கடைக்கு அரிசி ஏற்றிச் செல்லும் லாரிக்கு இறங்கும்போதும் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.